யாருடைய இடத்தில் யார் நிற்பது

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பாகப்பிரிவினை வழக்கு, நீதிமன்றத்திலிருந்து சமரசத்துக்கு அனுப்பப்பட்டு என்னிடம் வந்தது. இரண்டு அண்ணன்கள் ஒரு பக்கம், தங்கை மறுபக்கம். (சமரச அறையில் பேசியது வெளியே போகக்கூடாது என்பது விதி. ஆளை அடையாளம் காணமுடியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) அப்பா விட்டுப்போன கொஞ்சம் நிலம், ஒரு வீடு. அம்மா கடைசிப் பதினோரு வருடம் மகள் வீட்டில் இருந்து, அங்கேயே இறந்தவர். நான் அப்போதுதான் நாற்பது மணிநேர சமரசர் பயிற்சியை முடித்திருந்தேன். இருபது வருடத்துக்கு மேல் அடுத்தவர் சண்டையில் சம்பாதித்த வக்கீலுக்கு, சண்டையைத் தீர்த்துவைக்கும் வேலை புதுச்சட்டை மாதிரி இருந்தது.

பயிற்சியில் சொன்னபடியே எல்லாம் செய்தேன். எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரு கூட்டு அமர்வு. பிறகு ஒவ்வொரு தரப்பிடமும் தனி அமர்வு. தனி அமர்வில் அந்தம்மாவிடம், பயிற்சியில் கற்றுக்கொடுத்த கேள்வியையே கேட்டேன்.

"ஒரு நிமிஷம் உங்க அண்ணன் இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்கம்மா."

அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். "நாப்பது வருஷமா அதத்தான சார் செஞ்சுக்கிட்டு இருக்கேன். அவங்க ஒருநாள் எங்க எடத்துல இருந்து யோசிச்சிருந்தா, நான் எதுக்கு சார் கோர்ட்டுக்கு வரேன்?"

நல்ல பதில் என்று மனதுக்குள் ரசித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். இன்னும் இரண்டு அமர்வு நடந்தது. தீரவில்லை. "சமரசம் எட்டப்படவில்லை" என்று ஒற்றைவரி அறிக்கை எழுதிக் கோப்பைத் திருப்பி அனுப்பினேன். காரணம் எழுதக்கூடாது, அதுவும் விதி. ஒருவகையில் சௌகரியமான விதி.

அந்தப் பயிற்சி வகுப்பில் ஒரு மதியம் முழுக்க மூளைக்கு ஒதுக்கியிருந்தார்கள். திரையில் மண்டையோட்டின் குறுக்குவெட்டு. நடுவில் பாதாம்பருப்பு அளவில் சிவப்பாக ஒரு புள்ளி, அமிக்டலா. நெற்றிக்குப் பின்னால் நீலத்தில் ஒரு பெரிய பகுதி, யோசிக்கிற மூளை. கோபமும் பயமும் வந்தால் சிவப்பு நீலத்தைக் கடத்திக்கொண்டு போய்விடும், அந்த நேரத்தில் நியாயம் பேசிப் பயனில்லை, முதலில் ஆளைத் தணியவிடுங்கள் என்றார் பயிற்சியாளர். என் பக்கத்தில் இருந்த மூத்த வக்கீல் காதோரம் குனிந்து, "எல்லாம் சரி சார், ஃபீஸ் வாங்கின வக்கீல் பக்கத்துலயே உக்காந்திருப்பானே, அவன எந்தக் கலர்ல போடுவாங்க?" என்றார்.

'கடத்தல்' என்ற அந்த உருவகம் டேனியல் கோல்மன் 1995ல் எழுதிய 'உணர்வுசார் நுண்ணறிவு' பற்றிய புத்தகத்தால் பரவியது. அதற்குப் பின்னால் இருந்தது ஜோசஃப் லெடூ எலிகளை வைத்துச் செய்த ஆய்வு. அந்த லெடூவே பிற்காலத்தில், அமிக்டலாவை 'பயத்தின் மையம்' என்று சொல்வது தவறு, ஆபத்தைக் கண்டுகொள்ளும் வேலை ஒன்று, பயம் என்று நாம் உணர்வது வேறொன்று என்று திரும்பத் திரும்ப எழுதினார். அந்தத் திருத்தம் பயிற்சி வகுப்புகள் வரை வந்துசேரவில்லை. ஆளைத் தணியவிடு என்பது நல்ல யோசனைதான், சந்தேகமில்லை. ஆனால் அதைச் சொல்ல எலி வேண்டியதில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் "மொதல்ல தண்ணிய குடி" என்று செம்பை நீட்டிய பெரியவருக்கு அது தெரிந்திருந்தது.

அந்த வழக்கு தோற்ற பிறகுதான், எனக்குக் கற்றுத்தந்த வித்தைகள் எங்கிருந்து வந்தவை என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மனவியலும் பின்னால் மூளையியலும் சண்டைகளுக்குள் நுழைந்த கதை சுமார் எழுபது வருடக் கதை. அதில் பாதிக்குமேல் தோல்விகள். எனக்குப் பிடித்ததும் தோல்விகள்தான்.

*

1954 கோடையில், அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற பூங்காவில், 22 பையன்களுக்கு ஒரு முகாம் நடந்தது. பதினொன்று, பன்னிரண்டு வயது. நடத்தியவர் முசாஃபர் ஷெரிஃப். துருக்கியில் பிறந்தவர். உதுமானியப் பேரரசு சிதைந்துகொண்டிருந்த காலத்தில், கிரேக்கப் படை இஸ்மீர் பகுதியில் இறங்கிய 1919ல், அவர் சிறுவன். மனிதர்கள் கூட்டமாகச் சேர்ந்து இன்னொரு கூட்டத்துக்கு என்ன செய்வார்கள் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவரல்ல.

பையன்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். முதல் வாரம் ஒரு குழு இருப்பது மற்றதற்குத் தெரியாது. பிறகு போட்டிகள். ஜெயிக்கும் குழுவுக்குப் பேனாக்கத்தியும் பதக்கமும் பரிசு. சில நாட்களில் கொடியை எரித்தார்கள், ஒருவர் குடிசையை மற்றவர் சூறையாடினார்கள். இதுவரை எல்லாப் பாடநூலிலும் உண்டு. எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த கட்டம். ஷெரிஃப் முதலில் அவர்களைச் சும்மா ஒன்றாக உட்காரவைத்துப் பார்த்தார், ஒன்றாகச் சாப்பாடு, ஒன்றாக சினிமா. பையன்கள் சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொண்டார்கள். பகைத்தவர்களை ஓர் அறையில் உட்காரவைத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை அந்தச் சாப்பாட்டு மேஜையிலேயே அடிபட்டுப்போனது. அதன்பிறகு தண்ணீர்க் குழாயை அடைத்து, லாரி நின்றுபோனதாக நாடகமாடி, இரண்டு குழுவும் சேர்ந்தால் மட்டுமே தீரும் பிரச்சினைகளை உண்டாக்கினார். கயிறிழுக்கும் போட்டிக்குப் பயன்பட்ட அதே கயிற்றைக் கட்டி லாரியை இழுத்தார்கள். கடைசியில் ஒரே பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார்கள்.

இதற்கு ஒரு வருடம் முந்தி நியூயார்க் மாநிலத்தில் அவர் நடத்திய இன்னொரு முகாமைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஜினா பெர்ரி என்ற ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஆவணங்களைத் தோண்டி 2018ல் அதைப் புத்தகமாக எழுதினார். அங்கே பையன்களை முதலில் பழகவிட்டுப் பிறகு பிரித்தார்கள். சண்டை மூட்ட என்னென்னவோ செய்தும் பையன்கள் மசியவில்லை. பெரியவர்கள்தான் ஏதோ விஷமம் செய்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஷெரிஃப் பாதியில் மூட்டைகட்டினார். ராபர்ஸ் கேவ் பையன்களுக்கோ, தாங்கள் ஒரு சோதனைக்குள் இருந்தோம் என்பதே தெரியாது. சிலருக்கு பெர்ரி தேடிப்போய்ச் சொன்ன பிறகுதான், கிழவயதில், தெரிந்தது. அத்தனை நாள் அவர்களை உற்றுப்பார்த்துக் குறிப்பெடுத்தவர்களில் ஒருவரும் 'உனக்கு என்ன தோன்றுகிறது' என்று கேட்கவில்லை.

கேட்பதை ஒரு முறையாக மாற்றியவர் ஜான் பர்ட்டன். 1947ல், 32 வயதில், ஆஸ்திரேலிய வெளியுறவுத் துறையின் செயலராக ஆனவர். பிறகு அரசாங்கத்தோடு ஒத்துப்போகாமல் வெளியேறி லண்டனில் பேராசிரியரானார். இந்தோனேசியாவுக்கும் மலேசியாவுக்கும் மோதல் நடந்துகொண்டிருந்தபோது, 1965ல் அந்த இரண்டு நாடுகளோடு சிங்கப்பூரையும் சேர்த்து, அரசாங்கப் பதவியில் இல்லாத ஆனால் அரசாங்கத்தின் காது எட்டும் ஆட்களை லண்டனில் ஓர் அறையில் உட்காரவைத்தார். பேரம் கிடையாது. தீர்மானம் கிடையாது. 'உங்களுக்கு எது பயம்' என்பதுதான் பேச்சு. யார் எதைச் சொன்னார்கள் என்று வெளியே சொல்லக்கூடாது.

அடுத்த வருடம் சைப்ரஸ் பிரச்சினைக்காக அவர் நடத்திய பட்டறையில் உதவிக்கு வந்து சேர்ந்தவர் ஹெர்பர்ட் கெல்மன் என்ற சமூக மனவியலாளர். வியன்னாவில் பிறந்த யூதர். நாஜிகள் வந்ததும் சிறுவனாக பெல்ஜியம் வழியாகத் தப்பி அமெரிக்கா போனவர். அந்த முறையை எடுத்துக்கொண்டு 1971லிருந்து பல பத்தாண்டுகள் இஸ்ரேலியர்களையும் பாலஸ்தீனர்களையும் எதிரெதிரே உட்காரவைத்தார். எங்கள் சமரச மையத்தின் ரகசிய விதி, தீர்வை சமரசர் திணிக்கக்கூடாது என்ற விதி, நிலைப்பாட்டைக் கேட்காதே தேவையைக் கேள் என்ற பாடம் ஆகியவற்றின் சாயலை அவர் எழுதியவற்றில் பார்த்தபோது, எங்கோ பார்த்த உறவினரை இன்னொரு ஊர்க் கல்யாணத்தில் சந்தித்தது போலிருந்தது.

*

1977 நவம்பர் 20 அன்று எகிப்தின் ஜனாதிபதி அன்வர் சதாத் ஜெருசலேமில், இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் நின்று பேசினார். நான்கு போர் நடந்த பகைநாடு. அந்தப் பேச்சில் ஒரு கணக்கு சொன்னார். நமக்கு நடுவே இருக்கும் சுவர்களில் ஒன்று மனத்தடை, சந்தேகமும் பயமும் கட்டிய சுவர், மொத்தப் பிரச்சினையில் எழுபது சதவீதம் அதுதான் என்றார். எழுபதை எப்படிக் கணக்கிட்டார் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் மனவியலாளர்களுக்கு அது ஓர் அழைப்பிதழாகவே இருந்தது.

அடுத்த வருடம் செப்டம்பர் 5 முதல் 17 வரை, பதின்மூன்று நாள், அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கேம்ப் டேவிட் மலைவாசத்தில் சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் மெனாகெம் பெகினையும் தங்கவைத்தார். போவதற்கு முன் சி.ஐ.ஏ.வின் மனநல மருத்துவர் ஜெரால்ட் போஸ்ட் தலைமையிலான குழு இருவரின் மன அமைப்பைப் பற்றியும் தயாரித்த அறிக்கைகளைப் படித்துவிட்டுத்தான் போனார். சதாத் பெரிய சித்திரத்தை மட்டும் பார்ப்பவர், வரலாற்றில் தன் இடத்தை எண்ணுபவர். பெகின் ஒவ்வொரு சொல்லையும் உரசிப்பார்ப்பவர். பெகினின் பெற்றோரும் அண்ணனும் யூதப் படுகொலையில் மாண்டவர்கள். சொல் பிசகினால் உயிர் போகும் என்று நம்ப அவருக்குக் காரணம் இருந்தது.

கார்ட்டர் முதலில் நினைத்தது எல்லோரும் நினைப்பதுதான். இரண்டு நல்ல மனிதர்கள், முகத்துக்கு முகம் பேசினால் புரிந்துகொள்வார்கள். மூன்றாம் நாள் இரண்டு பேரும் கத்திக்கொண்டு கதவை நோக்கி நடந்தார்கள். கார்ட்டர் முன்னால் போய் வழியை மறித்து நின்றார். அதற்குப் பிறகு அவர்களை ஒரே மேஜையில் பேச்சுக்கு உட்காரவைக்கவில்லை. ஒருநாள் கெட்டிஸ்பர்க் போர்க்களத்துக்குச் சுற்றிப்பார்க்கக் கூட்டிப்போனார், அங்கே லிங்கனின் உரையை பெகின் மனப்பாடமாகச் சொன்னார். மற்றபடி இந்தக் குடிலுக்கும் அந்தக் குடிலுக்கும் நடந்தது கார்ட்டரும் அவருடைய ஆட்களும். நாங்கள் தனி அமர்வு என்று சொல்வதை பத்து நாள் நடத்தினார்.

அவர் கையில் ஒரே ஒரு காகிதம். 'உங்கள் யோசனை என்ன' என்று இவரிடமும் அவரிடமும் கேட்கவில்லை. அமெரிக்கர்கள் ஒரு வரைவு எழுதுவார்கள். இதில் எது உதைக்கிறது என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்பார்கள். திருத்தி மறுபடி காட்டுவார்கள். மொத்தம் 23 வரைவுகள். சினாய் பற்றிய வரைவை கார்ட்டரே கைப்பட எழுதினார். எகிப்துக்கு வேண்டியது தன் மண், ஒரு அங்குலம் குறையாமல். இஸ்ரேலுக்கு வேண்டியது எல்லையில் எகிப்திய டாங்கி நிற்காமல் இருப்பது. கோட்டை எங்கே போட்டாலும் யாராவது ஒருவர் எழுந்துபோவார். மண் முழுக்க எகிப்துக்கு, ஆனால் பெரும்பகுதியில் படை நிற்காது என்று எழுதியபோது இரண்டும் ஒரே காகிதத்தில் அடங்கின.

இந்த ஒற்றை வரைவு ஏன் வேலை செய்தது என்பதற்கான மனவியல் விளக்கங்கள் பிறகுதான் வந்தன. 1979 மார்ச் 26ல் எகிப்து–இஸ்ரேல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே மார்ச் மாதம், டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும், இருவரும் இஸ்ரேலியர்கள், ஒரு பொருளாதார ஆய்விதழில் தங்கள் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார்கள். கிடைக்கும் லாபத்தைவிட அதே அளவு நஷ்டம் மனிதனுக்குப் பெரிதாகத் தெரியும் என்பது அதன் ஒரு பகுதி. பேரத்தில் இரண்டு தரப்பும் 'நான் விட்டுக்கொடுத்ததுதான் அதிகம்' என்று உண்மையாகவே நம்புவது இதனால். ஸ்டான்ஃபோர்டின் லீ ராஸ் இன்னொன்றைக் காட்டினார். எதிராளியிடமிருந்து வருகிறது என்ற ஒரே காரணத்தால் ஒரு யோசனையின் மதிப்பு இறங்கிவிடும். 2002ல் அவரும் சில இஸ்ரேலிய ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனையில், இஸ்ரேல் தரப்பே முன்பு முன்வைத்த ஒரு திட்டத்தை எடுத்து, இது பாலஸ்தீனர்களின் திட்டம் என்று சொல்லி யூத இஸ்ரேலியர்களிடம் கொடுத்தார்கள். நமக்குப் பாதகமானது என்றார்கள். கார்ட்டரின் காகிதத்துக்கு அந்த ஆபத்தில்லை. அது யாருடையதும் இல்லை.

கடைசி நாள் ஜெருசலேம் பற்றிய ஒரு கடிதத்தால் எல்லாம் முறியும் நிலை. பெகின் தன் பேரப்பிள்ளைகளுக்காக மூவரும் இருக்கும் புகைப்படத்தில் கையெழுத்துக் கேட்டிருந்தார். கார்ட்டரின் செயலாளர் சூசன் கிளஃப் அந்தக் குழந்தைகளின் பெயர்களை விசாரித்து வாங்கிவைத்திருந்தார். ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பெயரை எழுதி எடுத்துக்கொண்டு கார்ட்டர் பெகினின் குடிலுக்குப் போனார். பெகின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார், குரல் தழுதழுத்தது. கொஞ்சநேரம் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். அதன்பின் அந்தக் கடிதத்துக்கும் வழி பிறந்தது. எங்கள் பயிற்சியில் இந்தக் கதையைச் சொன்னபோது எல்லோரும் கைதட்டினோம்.

சொல்லாமல் விட்டது ஒன்று. கேம்ப் டேவிட்டில் கையெழுத்தானவை இரண்டு ஆவணங்கள். ஒன்று சினாய் பற்றியது. அது நிறைவேறியது, 1982 ஏப்ரலில் இஸ்ரேல் வெளியேறியது, இரு நாடுகளுக்கும் இன்றுவரை போரில்லை. மற்றொன்று மேற்குக் கரையிலும் காசாவிலும் வாழும் பாலஸ்தீனர்களின் எதிர்காலம் பற்றியது. அந்தப் பதின்மூன்று நாளும் அந்த மலையில் ஒரு பாலஸ்தீனர்கூட இல்லை. அந்தக் காகிதத்தில் எது உதைக்கிறது என்று அவர்களிடம் கேட்க யாரும் நடந்துபோகவில்லை. அந்த ஆவணம் என்னவாயிற்று என்று நான் சொல்லவேண்டியதில்லை. சதாத் 1981 அக்டோபர் 6ல் தன் படையினராலேயே சுடப்பட்டார்.

*

கெல்மனின் அறையில் பாலஸ்தீனர்கள் இருந்தார்கள். அங்கே உட்கார்ந்தவர்கள் சிலர் பின்னால் அதிகாரபூர்வப் பேச்சுவார்த்தைக் குழுக்களுக்கும் போனார்கள். ஆனாலும் அங்கே ஒரு நெருடல் இருந்தது, அதை எழுதியவர் கெல்மனோடு வேலை செய்த பாலஸ்தீன ஆய்வாளர் நதீம் ரூஹானா. 1990களில் அவர் கவனித்தது இது: பலமுள்ள தரப்பு மனிதர்களாகப் பழக விரும்புகிறது, 'குடும்பம் எப்படி, குழந்தைகள் எப்படி, நாமெல்லாம் ஒன்றுதானே'. பலமற்ற தரப்பு நடந்ததைப் பேச விரும்புகிறது. யார் நிலம், யார் எடுத்தது, எந்தச் சட்டப்படி. முன்னது இணக்கமாகவும் பின்னது சண்டைக்கு நிற்பதாகவும் நடுவில் இருப்பவருக்குத் தெரியும்.

2009ல் தமார் சாகை என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஒரு சோதனை இதை இன்னும் கசப்பாகச் சொன்னது. ஒரு குழுவுக்குப் பங்கீட்டு அதிகாரம் கொடுத்து, இன்னொரு குழுவோடு பேசவைத்தார்கள். இருவருக்கும் பொதுவானதை மட்டும் பேசியபோது, அதிகாரமில்லாத குழு 'இவர்கள் நல்லவர்கள், நியாயமாகப் பங்கிடுவார்கள்' என்று எதிர்பார்த்தது. அதிகாரக் குழு இனிமையாகப் பேசிவிட்டுத் தனக்கே அதிகம் எடுத்துக்கொண்டது.

இதைப் படித்த அன்று எனக்கு அந்தக் கூட்டு அமர்வு ஞாபகம் வந்தது. பெரியண்ணன் வந்து உட்கார்ந்ததும், "நமக்குள்ள என்ன இருக்கு, ஒரே ரத்தம்தான, பேசித் தீத்துக்கலாம்" என்றார். நான் மகிழ்ந்து தலையாட்டினேன். தங்கை, "மொதல்ல அந்தப் பதிலுரையில எழுதுனதப் பத்திப் பேசலாம்" என்றார். நான் அவருடைய பெயருக்கு நேரே என் மனதுக்குள் 'பிடிவாதம்' என்று குறித்துக்கொண்டேன்.

பதிலுரையில் என்ன எழுதியிருந்தது என்று இப்போது சொல்கிறேன். அம்மாவை அவர் பதினோரு வருடம் வைத்துக்கொண்டது சொத்துக்கு ஆசைப்பட்டு என்று ஒரு பத்தி. அண்ணன்களைக் கேட்டால் "அது வக்கீல் எழுதுனது சார்" என்றார்கள். எழுதியிருப்பார், எனக்குத் தெரியும், நானும் அப்படிப் பத்திகள் எழுதியவன்தான். அதை விடுங்கம்மா, தொகையைப் பேசுவோம் என்று நான் தொகையைக் கூட்டவைத்தேன். பதினைந்து லட்சம் இருபது ஆனது. தொகை கூடக்கூட அந்தம்மாவின் முகம் இறுகிக்கொண்டே போனது. எனக்கு அப்போது விளங்கவில்லை. ஸ்காட் ஏட்ரனும் ஜெரமி கிங்கஸும் மற்றவர்களும் 2007ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. யூதக் குடியேறிகள், பாலஸ்தீன அகதிகள், மாணவர்கள் ஆகியோரிடம் கற்பனையான சமாதானத் திட்டங்களைக் காட்டினார்கள். புனிதமாக நினைக்கும் ஒன்றை விட்டுக்கொடுக்கும்படி கேட்டு, கூடவே பணத்தையும் சேர்த்தபோது, அப்படி நினைப்பவர்களின் கோபம் குறையவில்லை, ஏறியது. எதிர்த்தரப்பும் தன் புனிதத்தில் ஒன்றை விட்டுக்கொடுத்து, நடந்த தவறை ஒப்புக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னபோது, காசில்லாமலே குறைந்தது.

*

மூளைக்கு வருகிறேன். எமில் ப்ரூனோ பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தவர். அவருடைய அம்மாவுக்கு மனச்சிதைவு நோய். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்துகொண்டிருந்தபோது அங்கே இருந்தார், இலங்கையில் புலிகளின் பெருந்தாக்குதல்களில் ஒன்று நடந்த சமயத்தில் அங்கே இருந்தார். அயர்லாந்தில் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் பையன்களை ஒன்றாகத் தங்கவைத்த ஒரு கோடைமுகாமில் தொண்டராக வேலை செய்தார். முகாமின் முடிவில் இரண்டு பையன்களுக்குள் ஏதோ தகராறு, சில நிமிடங்களில் முகாமே மதவாரியாகப் பிளந்து அடித்துக்கொண்டது. அத்தனை நாள் சேர்ந்து விளையாடியது எங்கே போயிற்று என்ற கேள்வியோடு மூளையியல் படிக்கப் போனவர், எம்.ஐ.டி.யில் ரெபெக்கா சாக்ஸின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

2012ல் வந்த ஓர் ஆய்வில் அரபியர்களையும் இஸ்ரேலியர்களையும் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, துன்பக் கதைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். கதையில் துன்பப்படுபவர் சிலசமயம் தன் இனம், சிலசமயம் எதிரி இனம், சிலசமயம் சம்பந்தமே இல்லாத தென்னமெரிக்கர். எவ்வளவு இரக்கம் வந்தது என்று கேட்டால், எதிரிக்குத்தான் மிகக் குறைவாகச் சொன்னார்கள். பிறர் துயரத்துக்கு எழும் மூளைப் பகுதிகளோ வேறு கதை சொல்லின. தூரத்துத் தென்னமெரிக்கருக்குக் குறைவாகவும், எதிரிக்குத் தன் இனத்தாருக்கு நிகராகவும் அவை எழுந்தன. இதை வைத்து 'உள்ளுக்குள் எல்லோரும் நல்லவர்கள்' என்று பாடக்கூடாது. அந்தப் பகுதி எழுவதற்கு இரக்கம் ஒன்றே காரணம் என்று ஆய்வாளர்களே சொல்லவில்லை. ஆனால் பங்காளிச் சண்டை பார்த்த யாருக்கும் இது புதிதில்லை. அடுத்த தெருக்காரன் வீட்டு இழவு நமக்குச் செய்தி, பங்காளி வீட்டு இழவில் வாசல்வரை போய்த் திரும்பிவருகிறோமே, அந்த நடை.

என்னை உட்காரவைத்தது அதே வருடம் அவரும் சாக்ஸும் வெளியிட்ட இன்னொரு ஆய்வு. அதில் ஸ்கேனே கிடையாது. இஸ்ரேலியரையும் பாலஸ்தீனரையும் இணையம் வழியாக ஜோடி சேர்த்தார்கள். அரிஸோனாவில் வெள்ளை அமெரிக்கரையும் மெக்ஸிகோவிலிருந்து குடியேறியவரையும் அதேபோல. ஒருவர் தங்கள் சமூகத்தில் வாழ்வதன் கஷ்டத்தை எழுதவேண்டும். மற்றவர் அதைப் படித்துத் தன் சொற்களில் திரும்பச் சொல்லவேண்டும். பலமுள்ள தரப்பினருக்கு, எதிராளியின் கதையைக் கேட்டுத் திரும்பச் சொன்னபோது மனம் இளகியது. பலமற்ற தரப்பினருக்கு அது அவ்வளவாக வேலை செய்யவில்லை. அவர்களுக்குத் தங்கள் கதையைச் சொல்லி, அது எதிராளியின் வாயிலிருந்து திரும்பி வந்தபோதுதான் மனம் இளகியது. கேட்க ஆளில்லாமல் சும்மா எழுதவைத்துப் பார்த்தார்கள், அந்தப் பலன் வரவில்லை.

ஒரு சிறிய உரையாடலால் பெரிய சண்டை தீரும் என்று அவர்களும் சொல்லவில்லை. நான் அதைத் தீர்வாகப் படிக்கவும் இல்லை. "நாப்பது வருஷமா அதத்தான சார் செஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்பதைத்தான் படித்தேன். அண்ணன்களின் இடத்தில் நின்று பார்ப்பது அந்தம்மாவுக்குத் தெரியாத வித்தை இல்லை. அந்த வீட்டில் அவர் பிழைத்ததே அதனால். யாருக்குத் தெரியாதோ அவர்களிடம் நான் கேட்கவில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பதுதான் நடுநிலை என்று நினைத்திருந்தேன். பெரியண்ணனிடம் கேட்டபோது அவர் சிரித்துக்கொண்டே "பாவம் சார், பொம்பளப்புள்ள, யாரோ ஏத்திவிட்டிருக்காங்க" என்றார். அதை அவர் தங்கையின் இடத்தில் நின்று பார்த்ததாக நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் ஒன்று செய்கிறேன். பலமான தரப்பிடம், 'அவங்க சொன்னத நீங்க ஒருதடவ சொல்லுங்க, ஒத்துக்க வேணாம், சும்மா சொல்லுங்க போதும்' என்பேன். கஷ்டமான காரியம். லட்சக்கணக்கில் விட்டுக்கொடுக்கிறவர்கள்கூட இதற்கு மறுப்பார்கள். சொல்ல ஆரம்பித்து, இரண்டாவது வாக்கியத்திலேயே "ஆனா சார்" என்று தன் கட்சிக்குத் தாவுவார்கள். சிலநேரம் பலிக்கிறது. யார் பலமான தரப்பு என்பதே பல வழக்குகளில் எனக்குக் குழப்பம். மாமியார், மருமகள் விவகாரத்தில் காலையில் ஒருவர், மதியம் ஒருவர்.

ப்ரூனோவுக்கு 2018ல் மூளையில் புற்றுநோய் கண்டார்கள். 2020 செப்டம்பரில், 47 வயதில், இறந்துபோனார்.

அந்தம்மாவின் வழக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு முதல்நிலைத் தீர்ப்பாணை வந்தது. அண்ணன்கள் அப்பீல் போனார்கள். ஒருநாள் நீதிமன்ற வராந்தாவில் அவரைப் பார்த்தேன், தூண் ஓரம் வெயில் படாமல் நின்றிருந்தார். அவரே கூப்பிட்டார்.

"சார், அன்னிக்கு நான் பேசப் பேச எழுதிக்கிட்டே இருந்தீங்களே. எங்கம்மா பத்தியெல்லாம் சொன்னேன். அத எங்க சார் வச்சிருக்கீங்க?"

சமரசர் குறிப்புகளை வைத்திருக்கக்கூடாதும்மா, அன்றைக்கே கிழித்துவிட்டேன் என்றேன். தலையாட்டினார். உண்மைதான், கிழித்துவிட்டேன். அதில் எழுதியிருந்தவை சர்வே எண்களும் சென்ட் கணக்கும்.